கான்ட்ராவுக்கு ஒன்பதாம் இடமா?

எட்டுபிட்:
நின்டெண்டோவின் வீடியோ கேம் கருவியான ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதன் விளையாட்டுகளில் சிறந்த பத்து எவை என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு விளையாட்டையும் மறுபடி ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதலிடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது ஸெல்டா, மூன்றாவது மெகா மேன் 2, நான்காவது முதல் சூப்பர் மாரியோ. பிறகு டெட்ரிஸ், கேஸில்வேனியா, மெட்ராய்டு, பஞ்ச் அவுட். ஒன்பதாவது, ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ரா. பத்தாவது டிராகன் குவெஸ்ட் 3.

கான்ட்ரா ஏன் இவ்வளவு கீழே என்று கேட்பீர்கள். 30 உயிர் தரும் ரகசியக் குறியீடு இல்லாமல் அதை முடித்தவர் யாரும் இல்லை. குறுக்குவழி போட்டால்தான் கடைசிவரை போக முடியும் என்றால், அந்த விளையாட்டின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள்.

நாகைக்காரன்:
யாரும் இல்லையா? நான் இருக்கிறேன்.

1996 கோடை விடுமுறை, நாகப்பட்டினத்தில் என் அத்தை வீடு. அத்தை மகனும் நானும் ஒரு மாதம் வேறு எதையும் தொடவில்லை. குறியீடு எங்களுக்குத் தெரியும். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. தெருவில் இருந்த எல்லாப் பையன்களுக்கும் அது மனப்பாடம். முதல் வாரம் அதைப் போட்டுத்தான் ஆடினோம், முடித்தோம். தீவு வெடித்துச் சிதறியது, ஹெலிகாப்டர் பறந்து போனது. முடித்த அன்றே சலித்துவிட்டது. அதன் பிறகுதான் குறியீட்டைத் தொடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கும்போது, மூன்று உயிரில், நான் தனியாக முடித்தேன். அத்தை சாட்சி, அத்தை மகன் சாட்சி.

"யாரும் இல்லை" என்று எழுதுவதற்கு முன் நான்கு பேரிடம் கேட்டிருக்கலாம், எட்டுபிட்.

எட்டுபிட்:
உங்கள் அத்தை மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் சாட்சியை வைத்து நான் பட்டியலை மாற்ற முடியாது.

தென்றல்:
ஒரு நிமிடம். "சிறந்தது" என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிவிடலாமே? எவ்வளவு விற்றது என்பதா, பின்னால் வந்த விளையாட்டுகளுக்கு எது வழிகாட்டியது என்பதா, இன்று எடுத்து ஆடினாலும் எது அலுக்காது என்பதா? மூன்றுக்கும் மூன்று வேறு பட்டியல்கள் வரும்.

நாகைக்காரன்:
தென்றல், அதைப் பிறகு பேசலாம். இங்கே ஒருவர் "யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் வரட்டும்.

எட்டுபிட், கான்ட்ராவை நீங்கள் புரிந்துகொள்ளவே இல்லை என்று நினைக்கிறேன். 30 உயிர் இருந்தால் எளிது என்கிறீர்கள். கான்ட்ராவில் உயிர் போனால் கையில் இருக்கும் துப்பாக்கியும் போகும். ஐந்து குண்டுகளாக விரிந்து பாயும் அந்த "எஸ்" துப்பாக்கி இருக்கிறதே, அதுதான் உண்மையான உயிர். அதை இழந்துவிட்டு, ஆறாம் கட்டத்தில் குறுக்கே சீறும் தீச்சுடருக்கு நடுவே வெறும் துப்பாக்கியோடு நின்று பாருங்கள். 30 உயிரும் 30 நொடிக்குத்தான் காணும். எஸ் கையில் இருந்தால் மூன்று உயிர் தாராளம். முதல் கட்டத்தில் எடுத்த எஸ்ஸை எட்டாம் கட்டத்தின் கடைசி எதிரியான அந்த இதயம்வரை கொண்டுபோவதுதான் விளையாட்டு. இது அமைப்பின் கோளாறா? இவ்வளவு நேர்த்தியான அமைப்பு உங்கள் மாரியோவில் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கான்ட்ராவில் தொடக்கத்தில் மூன்று உயிர். அவை தீர்ந்தால் மூன்று முறை தொடர்ந்து ஆடலாம். ஆக 12 உயிர். இதற்கு மேல் புள்ளிகள் சேரச் சேரக் கூடுதல் உயிரும் கிடைக்கும். நாகைக்காரன் "மூன்று உயிரில்" என்கிறார். தொடரும் வாய்ப்பைப் பயன்படுத்தினாரா இல்லையா? கூடுதல் உயிர் கிடைத்ததா இல்லையா? கிடைத்திருந்தால் அது மூன்று உயிர் ஆகாது.

நாகைக்காரன்:
குறியீடு போடாமல் ஆடினால் அதற்கு "மூன்று உயிரில் ஆடுவது" என்றுதான் பெயர். தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். தொடரும் வாய்ப்பை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. கூடுதல் உயிர் கிடைத்தது. அது புள்ளி எடுத்து நான் சம்பாதித்தது. சம்பளம் வாங்குவதும் திருடுவதும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் மூன்று உயிர் இல்லை. நான் கேட்டது அவ்வளவுதான்.

பீரங்கி:
பீரங்கி வண்டிகள் மோதும் பேட்டில் சிட்டி எங்கே? பத்து இடம் இருந்தும் பேட்டில் சிட்டிக்கு ஒன்றுகூட இல்லையா? நாம்கோ 1985இல் வெளியிட்டது. 35 கட்டங்கள். இருவர் சேர்ந்து ஆடலாம். நாமே செங்கல்லும் இரும்பும் நீரும் வைத்துக் களம் அமைக்கலாம். நம் தளத்தில் இருக்கும் அந்தக் கழுகைக் காப்பாற்ற எத்தனை இரவு விழித்திருப்போம்! ஃபேமிகாமின் நகல் கருவிகள் ஓடிய ஊர்களில் எல்லாம் முதலில் செருகப்பட்டது அந்த விளையாட்டுதான்.

எட்டுபிட்:
பேட்டில் சிட்டி அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை. உலகம் முழுவதும் ஆடப்பட்ட விளையாட்டுகளைத்தான் நான் கணக்கில் எடுத்தேன்.

பீரங்கி:
உங்கள் பட்டியலின் முதல் வரியில் ஃபேமிகாம் என்றும், ஜப்பான் என்றும், யென் என்றும் எழுதியிருப்பது நீங்கள்தான். விலை சொல்லும்போது ஜப்பான் வேண்டும், பேட்டில் சிட்டி என்றால் அமெரிக்கா வேண்டுமா? பத்தாம் இடத்தில் இருக்கும் டிராகன் குவெஸ்ட் 3 ஜப்பானில் 1988இல் வந்தது. அமெரிக்காவுக்கு அது 1992இல்தான், அதுவும் வேறு பெயரில் போய்ச் சேர்ந்தது. அதற்கு மட்டும் எப்படி இடம்?

எட்டுபிட்:
தாமதமாகப் போனாலும் போய்ச் சேர்ந்தது. பேட்டில் சிட்டி போகவில்லை.

நாகைக்காரன்:
பீரங்கி சொல்வது சரி, ஆனால் பேச்சு திசை மாறுகிறது. நான் கேட்டது "யாரும் இல்லை" என்பதைப் பற்றி.

இன்னொன்றும் சொல்கிறேன். எட்டுபிட்டின் முதலிடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3. குறுக்குவழி இருந்தால் விளையாட்டில் கோளாறு என்பது அவர் வைத்த அளவுகோல். அந்த மாரியோவின் முதல் உலகில், மூன்றாம் கட்டத்தில் வெள்ளைக் கட்டை மேல் குனிந்து நின்றால் மாரியோ திரைக்குப் பின்னால் இறங்கிவிடுவார். அப்படியே கடைசிவரை ஓடினால் ஒரு விசில். அதே முதல் உலகின் கோட்டையில், கூரைக்கு மேலே பறந்தால் இன்னொரு விசில். ஒன்றை ஊதி, போன இடத்திலேயே அடுத்ததையும் ஊதினால் நேராக எட்டாம் உலகம். நடுவில் ஆறு உலகங்களைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். கான்ட்ராவின் குறியீடு ஒரு கட்டத்தைக்கூடத் தாண்ட விடாது. எட்டுக் கட்டங்களையும் நீங்களேதான் ஆட வேண்டும். இப்போது சொல்லுங்கள், எது குறுக்குவழி?

எட்டுபிட்:
விசிலை விளையாட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது ஆடுபவரின் ஆர்வத்துக்குக் கிடைக்கும் பரிசு. குறியீடு விளையாட்டுக்கு வெளியே, தலைப்புத் திரையில் விரல்களால் தட்டுவது. இரண்டும் ஒன்றில்லை.

அந்தக் குறியீடு எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1986இல், கான்ட்ராவைச் செய்த அதே கொனாமி நிறுவனம் கிரேடியஸ் என்ற விண்கலச் சண்டை விளையாட்டை ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது, அதைச் செய்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கே அந்த விளையாட்டு கைவரவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக எல்லா ஆயுதங்களும் கிடைக்கும்படி ஒரு குறியீட்டை வைத்தார். அது அப்படியே உள்ளே தங்கிவிட்டது. செய்தவர்களே ஆட முடியாமல் வைத்த ஊன்றுகோல் அது. அதே ஊன்றுகோலைக் கான்ட்ராவுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கான்ட்ராவும் நொண்டுகிறது என்றுதானே பொருள்?

நாகைக்காரன்:
ஹாஷிமோட்டோ 2020இல் காலமானார். நல்ல மனிதர், உலகம் முழுவதும் அவருக்காக அந்தக் குறியீட்டை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள். அவர் பெயரைக் கான்ட்ராவைத் தாழ்த்துவதற்காக இழுக்காதீர்கள். கிரேடியஸில் அது மறந்து விடப்பட்டது. கான்ட்ராவில் தெரிந்தே வைத்தார்கள். இளைய பிள்ளைகளும் ஆட வேண்டும் என்று வாசலைத் திறந்து வைத்தார்கள். வாசல் திறந்திருப்பதால் மாடிப்படியே இல்லை என்று சொல்லிவிடலாமா? என் கால்களால் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன்.

தென்றல்:
"யாரும் இல்லை" என்று எழுதுவது ஆபத்து என்பதில் நான் நாகைக்காரன் பக்கம். 1989இல் வந்த டெட்ரிஸைப் பாருங்கள். அதற்கு முடிவே இல்லை, மனிதர் யாரும் அதன் எல்லையைத் தொட முடியாது என்று 34 ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் நிலைவரை போனான். அதற்கு மேல் ஈடுகொடுக்க முடியாமல் விளையாட்டே உறைந்து நின்றது. அந்த விளையாட்டுக்கு ஐந்தாம் இடம் என்பதை என்னால் ஏற்கவே முடியாது. என் கணக்கில் டெட்ரிஸ்தான் முதலிடம்.

எட்டுபிட்:
அந்தச் சிறுவன் ஆடியது முழுவதும் பதிவாகியிருக்கிறது. உலகமே பார்த்தது. நாகைக்காரனின் கான்ட்ரா எங்கே பதிவாகியிருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
டெட்ரிஸ் முதலிடம் என்றால் அதில் இருவர் ஆட முடியாது என்பதை மறந்துவிட வேண்டும். நின்டெண்டோ வெளியிட்ட அந்தப் பதிப்பு ஒருவருக்கு மட்டுமே. டெங்கன் என்ற வேறு நிறுவனம் வெளியிட்டதில்தான் இருவர் ஆடலாம், அது வழக்கில் சிக்கிக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. விற்பனையை வைத்துப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. முதல் சூப்பர் மாரியோ 4 கோடிக்கு மேல் விற்றது. அதை நான்காவதாக வைத்ததற்கு எட்டுபிட் இன்னும் காரணம் சொல்லவில்லை.

பீரங்கி:
அந்த 4 கோடியில் எத்தனை, கருவியோடு சேர்த்துக் கொடுத்தவை? கருவி வாங்கினால் மாரியோவும் கூடவே வரும். புடவை வாங்கியவருக்குப் பை கொடுத்துவிட்டு, இத்தனை பை விற்றோம் என்று எண்ணுவது என்ன கணக்கு?

கணக்குப்பிள்ளை:
அந்தப் பைக்காகத்தான் பலர் புடவையே வாங்கினார்கள்.

நாகைக்காரன்:
பதிவு எங்கே என்று கேட்கிறார் எட்டுபிட். 1996இல் நாகப்பட்டினத்தில் என் அத்தை வீட்டில் ஒரு வீடியோ கேமரா இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறாரா? அந்தத் தெருவில் தொலைபேசி இருந்ததே இரண்டு வீடுகளில். பதிவு இல்லாத வெற்றி எல்லாம் பொய் என்றால், நம்மில் யாரும் சிறுவயதில் எதையும் ஜெயிக்கவில்லை.

எப்படி முடித்தேன் என்று கட்டம் கட்டமாகச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் பாலம் வெடிக்கும் இடத்தில் நிற்காமல் ஓட வேண்டும், எஸ்ஸை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதிலும் நான்காவதிலும் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பது போல நடைவழி வரும். அங்கே படுத்துக்கொண்டே சுட்டால் பாதிக் குண்டுகள் தலைக்கு மேலே போய்விடும். மூன்றாவது அருவி. அங்கே இருவர் ஆடினால்தான் தொல்லை. மேலே இருப்பவன் அவசரப்பட்டுத் தாவினால் திரை மேலே நகர்ந்து, கீழே இருப்பவன் செத்துப்போவான். தனியாக ஆடினால் அருவி எளிது. ஐந்தாவது பனிக்காடு. ஆறாவதின் தீயைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன், அங்கே நேரம் பார்த்துக் கடக்க வேண்டும், துணிச்சல் உதவாது. ஏழாவதில் கூரையிலிருந்து இறங்கும் கொக்கிகள். எட்டாவதில்தான் ஒரு உயிர் போனது, எஸ்ஸும் போனது, நெஞ்சே நின்றுவிட்டது. இருந்தும் முடித்தேன். ஆடாதவன் இதை எழுத முடியுமா?

எட்டுபிட்:
குறியீடு போட்டு ஆடியவனும் இதையெல்லாம் எழுதலாம். எட்டுக் கட்டங்களையும் அவனும் பார்த்திருப்பான். அப்படிச் சொன்னது நீங்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் நம் ஊரில் வந்தவை எல்லாம் நகல் கருவிகள். அவற்றோடு வந்த, "9999999 விளையாட்டு" என்று மேலே போட்டிருந்த கேசட்டுகளில் பல விளையாட்டுகள் மாற்றப்பட்டவை. எங்கள் வீட்டு கேசட்டில் கான்ட்ரா என்று நான்கு வரிகள் இருந்தன. ஒன்றில் தொடக்கத்திலேயே 30 உயிர் இருந்தது, இன்னொன்று பாதிக் கட்டத்தில் தொடங்கியது. நாகைக்காரன் ஆடியது எந்தக் கான்ட்ரா?

நாகைக்காரன்:
நல்ல கேள்வி, இதற்காகவே காத்திருந்தேன். எங்களுடையது தனி கேசட். கான்ட்ரா மட்டும்தான் அதில் இருந்தது. கட்டங்களுக்கு நடுவே தீவின் வரைபடம் வரும். முதல் கட்டத்தில் பின்னணி மரங்களின் இலைகள் அசையும். பனிக்காட்டில் பனி கொட்டும். இவையெல்லாம் 1988 பிப்ரவரியில் வந்த ஜப்பானியப் பதிப்பில்தான் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் இலை அசையாது, ஐரோப்பாவிலோ வீரர்களையே ரோபோக்களாக மாற்றிவிட்டார்கள். நான் ஆடியது கொனாமி செய்த கான்ட்ரா. யாரும் மாற்றியதில்லை.

தென்றல்:
இலை அசைந்தது என்பதை நான் நம்புகிறேன். ஜப்பானியப் பதிப்பின் அழகே அதுதான். அந்தப் பதிப்பைப் பார்த்தவர்களுக்கு அமெரிக்கப் பதிப்பில் காடு செத்துக் கிடப்பது போல இருக்கும்.

பீரங்கி:
கைப்பிடி எது? அதைக் கேட்க மறந்துவிட்டோம். அசல் ஃபேமிகாமின் கைப்பிடியில் ஏ, பி என்று இரண்டே சுடும் பொத்தான்கள். நகல் கருவிகளில் பல, நான்கு பொத்தான்களோடு வந்தன. மேலே இருக்கும் இரண்டும் டர்போ. அழுத்திப் பிடித்தாலே போதும், துப்பாக்கி தானாகச் சுட்டுக்கொண்டே இருக்கும். எஸ் துப்பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் விரலால் தட்ட வேண்டும். டர்போ இருந்தால் தட்ட வேண்டியதில்லை.

எட்டுபிட்:
நாகைக்காரன், உங்கள் கைப்பிடியில் டர்போ இருந்ததா?

நாகைக்காரன்:
இருந்தது. பொத்தான் இருந்தது என்பதற்கும் அதை அழுத்தினேன் என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

எட்டுபிட்:
அழுத்தினீர்களா?

நாகைக்காரன்:
குறியீட்டைப் பற்றிப் பேச்சு. டர்போவைப் பற்றி இல்லை. நீங்கள் எழுதியது "30 உயிர் தரும் ரகசியக் குறியீடு இல்லாமல் முடித்தவர் யாரும் இல்லை" என்று. டர்போ என்ற சொல்லே உங்கள் பட்டியலில் கிடையாது. வாதம் தோற்கும்போது புதிய விதி சேர்ப்பது உங்கள் வழக்கம்.

சென்ற ஆண்டு, எக்ஸைட்பைக் என்ற பைக் பந்தய விளையாட்டைப் பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். நாம் வரைந்த பாதையைச் சேமித்து வைக்கலாம் என்று அடித்துப் பேசினீர்கள். ஜப்பானில் தனியாக விற்ற ஒலிநாடாப் பதிவுக் கருவி இல்லாமல் அது முடியாது, நம் ஊரில் ஒருவரிடமும் அது இருந்திருக்காது என்று நான் எழுதினேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

எட்டுபிட்:
திரையில் சேமிக்கும் வசதி இருக்கிறது என்றுதான் நான் சொன்னேன். இருக்கிறது. கருவி யாரிடம் இருந்தது என்று நான் பேசவில்லை. நீங்கள் இப்போதும் டர்போ கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

தென்றல்:
அமெரிக்காவில் நின்டெண்டோவே டர்போ வைத்த கைப்பிடி ஒன்றை விற்றது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. வெறும் கையால் தட்டியவர்களுக்குப் பெருமை கூடுதல், அவ்வளவுதான்.

நாகைக்காரன்:
தென்றலுக்கு நன்றி. நின்டெண்டோவே விற்றது என்றால் அதற்கு மேல் என்ன பேச்சு?

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் அழுத்தினார்.

நாகைக்காரன்:
சில இடங்களில். எட்டாம் கட்டத்தில் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அத்தை விளக்கெண்ணெய் தடவிவிட்டார். மூன்று உயிர், குறியீடு இல்லை. இதில் எந்த மாற்றமும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மூன்றுக்கு மேல். கூடுதல் உயிர் கிடைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பீரங்கி:
பேட்டில் சிட்டியில் டர்போ வைத்தாலும் பயனில்லை. ஒரு குண்டு இலக்கில் படும்வரை அடுத்தது வெளியே வராது. நட்சத்திரம் எடுத்துப் பீரங்கியை வளர்த்தால்தான் உண்டு. கூட ஆடுபவனைச் சுட்டால் அவன் சிறிது நேரம் அசையாமல் நிற்பான், அதற்குள் எதிரி கழுகை உடைத்துவிடுவான். அதனால் என் அண்ணனும் நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். இவ்வளவு நியாயமான விளையாட்டுக்கு இடம் இல்லாத பட்டியல் என்ன பட்டியல்?

எட்டுபிட்:
பீரங்கி, பதினொன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பீரங்கி:
பத்து இடங்கள் உள்ள பட்டியலில் பதினொன்றாவது என்றால் வெளியே என்று பொருள்.

நாகைக்காரன்:
இரண்டு நாள் யோசித்துவிட்டுத் திரும்ப வந்தேன். என்னிடம் இப்போது அசல் ஃபேமிகாம் இருக்கிறது, டர்போ இல்லாத கைப்பிடியோடு. கான்ட்ரா கேசட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை குறியீடு போடாமல், முதலிலிருந்து கடைசிவரை பதிவு செய்து ஆடப்போகிறேன். அத்தை மகனும் வருகிறான்.

எட்டுபிட்:
தாராளமாக ஆடுங்கள். 1996இல் முடித்தீர்களா என்பதற்கு அது சாட்சி ஆகாது. முடித்தாலும் கான்ட்ரா ஒன்பதாம் இடத்தில்தான் இருக்கும்.

நாகைக்காரன்:
ஒன்பதைப் பற்றி நான் இதுவரை ஒரு சொல்கூடப் பேசவில்லை. தொண்ணூறில் வேண்டுமானாலும் வையுங்கள். "யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களை எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஞாயிற்றுக்கிழமை ஆடும்போது கூடுதல் உயிர் கிடைத்தால் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.